எரிந்த மண்ணில் ஓராண்டு

காட்டுத்தீ அணைந்த மறுநாள் நாளிதழ்களில் செய்தி வெளிவரும். எரிந்த நிலப்பரப்பு எவ்வளவு, கருகிய மரங்கள் எத்தனை, மடிந்த விலங்குகள் எத்தனை என்னும் கணக்குகள் அதில் இருக்கும். மண்ணைப் பற்றி ஒரு வரியும் இராது. மண் எரியுமா என்று நாம் வாளாவிருந்துவிடுகிறோம். ஆனால், வளமான மண் ஒரு கிராம் எடுத்தால் அதனுள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு பூஞ்சைகளின் நுண்ணிய இழைகள் நூல்கண்டு போலப் பின்னிக் கிடக்கின்றன. உதிர்ந்த இலையை மட்கச் செய்வதும், மட்கிய இலையிலிருந்து சத்துகளைப் பிரித்து வேர்களுக்கு அளிப்பதும் இவற்றின் வேலை. தீ இவற்றையும் கொல்கிறது. அவ்வாறாயின் எரிந்த மண்ணில் மீண்டும் உயிர் எப்போது தோன்றுகிறது? முதலில் வருவது எது? அடுத்து வருவது எது?

இவ்வினா நம் நாட்டிற்கும் நெருக்கமானதே. ஆண்டுதோறும் கோடையில் உத்தராகண்ட மலைகளில் சீர் எனப்படும் பைன் மரக்காடுகள் பற்றி எரிகின்றன. ஊசி போன்ற அதன் இலைகளை அங்குள்ளோர் பிரூல் என்பர். பிசின் நிறைந்த அவ்விலைகள் தரையில் மெத்தைபோல் குவிந்து, சிறு பொறியிலேயே தீப்பற்றிக்கொள்ளும். 2024 ஆம் ஆண்டில் நைனிதால் பகுதியில் பரவிய தீயை அணைக்க விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை முகந்து சென்று கொட்டின. எங்கே எரிகிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்டறிந்து அறிவிக்கும் பணியை டேராடூனில் உள்ள இந்திய வன அளவீட்டு நிறுவனம் செய்து வருகிறது. எனினும், செயற்கைக்கோளின் கண் மண்ணுக்குள் செல்லாது. அதற்கு ஒருவர் மலையேறிச் சென்று மண்ணை அள்ளித்தான் ஆக வேண்டும்.

அவ்வாறு அள்ளிய ஓர் ஆய்வைப் பற்றி இப்பாடத்தில் காண்போம். அது நடந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அதனை முன்னின்று நடத்தியவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் முனைவர் பட்டத்திற்குப் பயின்ற ஒரு மாணவி.

2018 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 6 ஆம் நாள், தென் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா மலையில் ஒரு தீ மூண்டது. கிளீவ்லாந்து தேசிய வனத்தில் ஏறத்தாழ 9,300 ஹெக்டேர் நிலத்தை அது எரித்தது. அத்தீயின் பெயர் 'ஹோலி தீ'. பெயரைக் கேட்டதும் வட இந்தியாவில் வளரும் உங்களுக்கு வண்ணப்பொடித் திருவிழா நினைவுக்கு வரலாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. தீ மூண்ட இடத்திற்கு அருகே 'ஹோலி ஜிம்' என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. ஹோலி என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் 'புனித' என்று பொருள். முற்காலத்தில் அங்கு வாழ்ந்த ஜிம் என்பவர் வாயைத் திறந்தாலே வசைமொழிதானாம். அவருடைய பட்டப்பெயரை வரைபடத்தில் அச்சிட நாணியவர்கள் அதைப் 'புனித ஜிம்' என்று மாற்றிவிட்டனர் என அப்பகுதியார் கூறுவர்.

அம்மலையில் நெடிய மரங்கள் குறைவு, புதர்க்காடே மிகுதி. அதனைச் சேப்பரல் என்பர். கோடையில் மழையின்றிக் காய்ந்தும், குளிர்காலத்தில் மழை பெற்றுத் தளிர்த்தும் வாழும் புதர்கள் அவை. அவற்றின் இலைகள் மெழுகுப் பூச்சு உடையவை. அதனால் நீரை எளிதில் இழப்பதில்லை. ஆனால், அந்த மெழுகே தீக்கு நல்ல எரிபொருளும் ஆகிறது.

காட்டுத்தீக்குப் பிந்திய மண்ணை ஆராய்ந்தவர்கள் முன்பும் பலர் உண்டு. ஆயினும், பெரும்பாலானோர் தீ அணைந்து பல மாதங்கள் அல்லது ஓராண்டு கழித்தே சென்று, ஒருமுறை அல்லது இருமுறை மண் எடுத்துத் திரும்பினர். இதில் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எரிந்த மலையில் கருகிய மரம் சாயும், பாறை உருளும். வனத்துறை எளிதில் அனுமதி வழங்காது. ஆயினும், கதையின் இடைப்பகுதியைத் தவறவிட்டவர் முடிவை மட்டும் பார்த்துக் கதை சொல்ல முடியுமா? ரிவர்சைடு குழுவினர் தீ அணைந்த 17 ஆம் நாளிலேயே முதல் மண்ணை எடுத்துவிட்டனர். பிறகு 25, 34, 67, 95, 131, 187, 286, 376 ஆகிய நாள்களில் மீண்டும் மீண்டும் சென்றனர். ஓராண்டில் ஒன்பது முறை! எரிந்த இடங்களிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அருகில் எரியாமல் தப்பிய இடங்களிலும் மண் எடுத்தனர். இந்த ஒப்பீடு இல்லாவிடில், தாம் காணும் மாற்றம் தீயினால் வந்ததா, பருவ மாற்றத்தினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது.

அவர்கள் கண்டதைக் கூறுமுன், தீ எரியும்போது மண்ணுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. புதர்க்காடு எரியும்போது தரையின் மேற்பரப்பு பல நூறு டிகிரி செல்சியசு சூடேறலாம். ஆனால், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டுவது அரிது. அதற்கும் கீழே இன்னும் குறைவு. ஆகவே, மேலே இருந்தவை மடிய, ஆழத்தில் இருந்தவை தப்பிப் பிழைக்கின்றன. மண்ணின் ஈரமும் இதில் பங்கு கொள்கிறது. உலர்ந்த சூட்டைவிட ஈரச்சூடு நுண்ணுயிர்களை விரைந்து கொல்லும். மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளை நீராவியில் அவிப்பது இதனால்தான். பொதுவாகப் பாக்டீரியாக்களைவிடப் பூஞ்சைகள் குறைந்த வெப்பத்திலேயே மடிந்துவிடும்.

வெப்பம் மண்ணின் வேதியியலையும் மாற்றுகிறது. ஏறத்தாழ 200 டிகிரியில் மட்கிய இலைதழைகள் கருகத் தொடங்கும். 450 டிகிரியை நெருங்கும்போது அவற்றில் பெரும்பகுதி எரிந்து தீர்ந்துவிடும். செடிகளுக்கு இன்றியமையாத நைட்ரஜனும் 200 டிகிரி முதலே புகையோடு வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. பாசுபரசு அவ்வளவு எளிதில் போகாது. அது ஆவியாக 774 டிகிரி வேண்டும். கால்சியத்திற்கோ 1,484 டிகிரி வேண்டும்; காட்டுத்தீயில் அத்தகைய வெப்பம் தோன்றுவதில்லை. எனவே, கால்சியம், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சாம்பலில் தங்கிவிடுகின்றன. சாம்பல் காரத்தன்மை பெறுவது இவற்றால்தான்.

காரம் என்பது சுவையைக் குறிக்கும் சொல் மட்டுமன்று. அமிலத்திற்கு எதிரான தன்மைக்கும் வேதியியலில் காரம் என்றே பெயர். மணமக்களுக்கு ஆரத்தி எடுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது செந்நிறமாகிறதன்றோ? சுண்ணாம்பின் காரமே அந்நிற மாற்றத்திற்குக் காரணம். விறகடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கிய நம் பாட்டிமார்களும் இக்காரத்தையே பயன்படுத்தினர். தீக்குப் பிறகு முதல் மழை பெய்ததும், சாம்பல் கரைந்து மண்ணில் இறங்குகிறது. அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது. அமில மண்ணை விரும்பும் நுண்ணுயிர்கள் இதனால் நலிவடைய, காரத்தைத் தாங்குவன பெருகுகின்றன.

சாம்பல் மண்ணுக்கு உரமாகும் என்பதைப் பழந்தமிழர் நன்கறிவர். குறிஞ்சி நில மக்கள் மலைச்சரிவின் புதர்களை வெட்டி எரித்து, அச்சாம்பல் படிந்த நிலத்தில் தினை விதைத்தனர். அந்நிலத்திற்குப் புனம் என்று பெயர். ஆனால், சாம்பல் தரும் வளம் நீடித்து நிற்பதன்று. எரிந்த மண்ணில் நைட்ரஜனின் ஒரு வடிவமான அம்மோனியம் முதலில் மிகுந்திருக்கும். பின்னர்ச் சில பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டு நீரில் எளிதில் கரைவது. அதனை உறிஞ்ச வேர்கள் இல்லையென்றால் மழைநீர் அதனை அடித்துச் சென்றுவிடும். ஆதலால், செடி முளைப்பதற்குள் நுண்ணுயிர்கள் அச்சத்தைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வது, மண்ணுக்கு ஒரு சேமிப்பு ஆகிறது.

மற்றொரு விந்தையும் உண்டு. எரியும் இலைகளின் மெழுகு ஆவியாகி, ஒரு பகுதி மேலே செல்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே குளிர்ந்த மணற்றுகள்களின்மேல் படிந்து, நீர் ஒட்டாத ஒரு படலத்தை உண்டாக்குகிறது. தாமரை இலைமேல் நீர் உருள்வதைப் போல, அத்தகைய மண்ணின்மேல் மழைத்துளி உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் லெனார்டு டெபானோவும் அவருடைய குழுவினரும் 1960களில் இதே தென் கலிபோர்னியப் புதர்க்காடுகளில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். உள்ளே செல்ல வழியற்ற மழைநீர் சரிவில் பாய்ந்து, சாம்பலையும் மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு ஊருக்குள் இறங்கும். ஹோலி தீ எரிந்த மலையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அந்தக் குளிர்காலத்து மழையில் அடிவாரத்து மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. தீயில் தப்பிய வீட்டையும் சேறு விழுங்கக்கூடும் என்பதனால்தான், மண் எப்போது தேறும் என்னும் வினா அங்கு வாழ்வோருக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது.

இனி, மண்ணில் உள்ள உயிர்களை எண்ணுவது எப்படி? மண்ணைக் கரைத்து உணவுக்கூழில் இட்டு வளர்க்கும் பழைய முறையில், மண்ணில் உள்ளவற்றுள் மிகச் சிலவே வளரும். ஏனையவை கண்ணில் படாமலே போகும். ஆகவே, இக்காலத்தில் மண்ணிலிருந்து நேரே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கின்றனர். ஒவ்வோர் உயிரினத்தின் டி.என்.ஏ.விலும் அதனை அடையாளம் காட்டும் சிறு பகுதி ஒன்று உண்டு. அப்பகுதியைப் படியெடுத்து வாசித்தால், எவ்வெவை அம்மண்ணில் இருக்கின்றன, எது மிகுதி, எது குறைவு என்பன தெரியவரும். சொல்வதற்கு எளிதாயினும், இது மிகுந்த கவனம் வேண்டும் வேலை. எரியாத இடத்து மண்ணின் துகள் ஒன்று கருவியில் ஒட்டிக்கொண்டு எரிந்த மண்ணோடு கலந்தாலும் முடிவு பிறழும். எனவே, ஒவ்வோர் இடத்திலும் கருவியை ஆல்ககாலால் துடைத்து, எடுத்த மண்ணைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, விரைந்து ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

ஆய்வின் முடிவுகள் 2023 இல் வெளியாயின. எரியாத மண்ணோடு ஒப்பிட, எரிந்த மண்ணில் பாக்டீரியாக்களின் அளவு 47 விழுக்காடும், அவற்றின் வகைகள் 46 விழுக்காடும் குறைந்திருந்தன. பூஞ்சைகளின் நிலை இன்னும் மோசம். அவற்றின் அளவு 86 விழுக்காடும், வகைகள் 68 விழுக்காடும் குறைந்திருந்தன. இழப்பு பெரிதுதான். ஆனால், மிஞ்சியவை அடங்கியிருக்கவில்லை. ஓராண்டுக்குள்ளேயே அக்கூட்டத்தின் அமைப்பு ஐந்தாறு முறை மாறிவிட்டது. ஆண்டு முடிவில் ஒரேமுறை சென்று பார்ப்பவருக்கு இம்மாற்றங்களுள் ஒன்றுகூடப் புலப்பட்டிராது.

பூஞ்சைகளுள் முதலில் ஓங்கியது ஜெமினிபசிடியம் என்னும் ஒரு வகை ஈசுட்டு. மாவைப் புளிக்கச் செய்யும் ஈசுட்டைப் போல ஒற்றைச் செல்லாக வாழ்வது இது. வெப்பத்தைத் தாங்க வல்லது. அதனை அடுத்துப் பைரோனிமா தலையெடுத்தது. அதன்பின் அசுபர்கில்லசும் பெனிசிலியமும் பெருகின. பழைய ரொட்டியில் பச்சையாகப் படர்வதும், பெனிசிலின் என்னும் மருந்துக்குத் தாயகமானதுமான அதே பெனிசிலிய இனந்தான் இது. ஏன் இந்த வரிசை? வெப்பத்தைத் தாங்குதல் ஒரு திறன். வெற்றிடத்தில் விரைந்து பரவுதல் வேறொரு திறன். மற்றவற்றோடு போட்டியிட்டு நிலைத்தல் மூன்றாவது திறன். மூன்றிலும் ஒருசேரச் சிறந்து விளங்கும் உயிர் இருப்பது அரிது. ஆகவே, ஒன்று ஓய மற்றொன்று எழுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. வெட்டவெளியில் முதலில் புல்லும், பிறகு புதரும், கடைசியில் மரமும் வருவதைப் போன்றதே இது.

இவற்றுள் பைரோனிமாவைப் பற்றிச் சற்றுக் கூறியே ஆக வேண்டும். எரியாத காட்டில் இதனைத் தேடினாலும் காண்பது அரிது. எரிந்த இடத்திலோ, சில வாரங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தரையெங்கும் தோன்றும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், தாமசு புருன்சும் அவர் குழுவினரும் உலோக வாளிகளில் காட்டு மண்ணை நிரப்பி, மேலே தீ மூட்டிப் பார்த்தனர். சில வாரங்களில் அம்மண்ணில் இருந்த பூஞ்சை டி.என்.ஏ.வில் பாதிக்கும் மேற்பட்டது பைரோனிமாவுடையதாக இருந்தது. கரியை மட்டுமே உணவாக இட்டபோதும் இப்பூஞ்சை வளர்ந்ததை மற்றோர் ஆய்வு காட்டியது. கரி எளிதில் மட்காதது. மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் என்று கருதப்பட்ட பொருள். அதனையும் உண்ணும் உயிர் உண்டென்றால், காட்டுத்தீக்குப் பின் எவ்வளவு கரி மண்ணிலேயே தங்கும், எவ்வளவு கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் கலக்கும் என்னும் கணக்கையே திருத்த வேண்டியிருக்கும்.

தீயை விரும்பும் பூஞ்சை நம் நாட்டிலும் உண்டு. நியூரோசுபோரா என்னும் ஆரஞ்சு நிறப் பூஞ்சையின் ஒரு வகை வித்து, சூடுபட்டால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும். அறுவடையை ஒட்டிச் சோகையை எரித்த கரும்பு வயல்களில் இது படர்ந்து நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ரமேசு மகேசுவரி இதனைக் கரும்பு வயலிலேயே சென்று ஆராய்ந்தவர்.

பாக்டீரியாக்களின் கதை வேறு. மசீலியா என்னும் பாக்டீரியா தொடக்கம் முதல் ஆண்டு முழுவதும் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பேசில்லசு போன்ற வேறு சில, காலம் செல்லச் செல்ல மெல்லக் கூடின.

செடிகளுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். பல செடிகளின் வேர்களோடு சில பூஞ்சைகள் நட்புக் கொண்டு வாழ்கின்றன. அவை தம் இழைகளை வேர் எட்டாத தொலைவுக்கும் நீட்டி, நீரையும் பாசுபரசையும் கொணர்ந்து தருகின்றன. செடி தன் இலைகளில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அவற்றுக்கு அளிக்கிறது. தீயில் செடி மடிந்தால் இப்பூஞ்சைக்கு உணவு இல்லை. பூஞ்சை மடிந்தால் புதிய நாற்று தளர்கிறது. எரிந்த மலையில் நாற்று நட்டும் அவை பட்டுப்போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மண்ணுக்குள் துணை இன்மை அவற்றுள் ஒன்று. அவசரப்பட்டு நாற்று நடும் விழாக்களைவிட, மண்ணை முதலில் சோதித்துப் பார்ப்பது மேல் என்றே தோன்றுகிறது.

கலிபோர்னியப் புதர்க்காடு தீக்குப் பழகியது. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்து, அடிக்கட்டையிலிருந்தும் விதையிலிருந்தும் மீண்டும் தழைப்பது அதன் இயல்பு. ஆனால், தளிர்த்தவை முதிர்வதற்குள் இரண்டாம் தீ வந்துவிட்டால், புதர்கள் அழிந்து வெளிநாட்டுப் புல் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புல்லோ இன்னும் எளிதில் தீப்பற்றும்.

டி.என்.ஏ. முறைக்கும் ஓர் எல்லை உண்டு. இறந்த நுண்ணுயிரின் டி.என்.ஏ.வும் சில காலம் மண்ணில் அழியாது கிடக்கும். எனவே, கருவி காட்டும் எல்லாமே உயிரோடு இருப்பன என்று துணிய இயலாது. மேலும், ஒரு பூஞ்சை அங்கே இருக்கிறது என்று அறிவது வேறு. அது அங்கே என்ன செய்கிறது என்று அறிவது வேறு. 376 ஆம் நாளில் எடுத்த மண்ணிலும், எரிந்த இடத்துப் பூஞ்சைக் கூட்டம் எரியாத இடத்துக் கூட்டத்தை ஒத்திருக்கவில்லை.

இவ்வளவு பெரிய கருவிகள் இன்றியும், எரிந்த மண்ணைப் பற்றி நீங்களே இரண்டு செய்திகளை அறியலாம். இதற்கெனத் தீ மூட்ட வேண்டா; முன்பே குளிர்காய்வதற்காக விறகோ சருகோ எரித்த இடம் அருகில் இருந்தால் போதும். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சாம்பலை மெல்ல ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள உலர்ந்த மண்ணின்மேல் ஒரு துளி நீர் விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேலும் துளி உருண்டையாகவே நின்றால், அம்மண் நீரை விலக்குகிறது என்பது ஆய்வாளர் கொள்ளும் கணக்கு. பத்தடி தள்ளி, எரியாத மண்ணிலும் அவ்வாறே செய்து விநாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மஞ்சள்பொடி கரைத்த நீரில் வெள்ளைத்தாளை நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனிக் கிண்ணங்களில் சிறிது நீரில் கலக்கித் தெளிய விட்டு, அத்தாளின் துண்டை நனையுங்கள். சாம்பலின் காரம் மிகுந்திருந்தால் தாள் சிவக்கும். அன்றைய நாளையும் எழுதி வையுங்கள்; ஒரு மழைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் சோதித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.